வடகிழக்குக் காற்று மழை கொண்டு வராத ஊர்: கலிபோர்னியாவுக்குப் புதிதாகச் செல்வோருக்கான தீக்கால வழிகாட்டி

ஆடி பிறந்துவிட்டால், அமெரிக்காவுக்குப் படிக்கவோ வேலைக்கோ புறப்படும் பிள்ளைகள் பெற்றோரை அழைத்துக்கொண்டு மதுரை திருநகரில் உள்ள எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாகிவிட்டது. கலிபோர்னியாவில் பதினோரு ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பியவன் என்பதால், குக்கர் எடுத்துப் போகலாமா, ஊறுகாயை விமான நிலையத்தில் பிடுங்கிக்கொள்வார்களா, குளிருக்கு எத்தனை ஸ்வெட்டர் வேண்டும் என்றெல்லாம் என்னிடம் கேட்பார்கள். காட்டுத்தீயைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. நானாகச் சொன்னாலும், "நம்ம ஊரு வெயிலப் பார்த்தவுங்களுக்கு அதெல்லாம் ஒண்ணுமில்லண்ணே" என்று சிரித்துவிட்டுப் போகிறார்கள். மதுரை வெயிலில் வளர்ந்தவருக்கு அங்குள்ள வெப்பம் பெரிதில்லை என்பது உண்மைதான். ஆனால் வெயிலை வைத்துத் தீயின் அபாயத்தை அளப்பதுதான் நம்மவர் செய்யும் முதல் தவறு.

நமக்குச் சித்திரையில் வெயில் கொளுத்தும்போதே கோடை மழையும் ஒன்றிரண்டு பெய்துவிடும். அழகர் ஆற்றில் இறங்கிய கையோடு மாலையில் இடி இடித்துப் புழுதி அடங்கிய ஆண்டுகள் பல உண்டு. கலிபோர்னியாவின் மழைக்காலமோ குளிர்காலமே. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை பெய்வதோடு சரி, மே முதல் அக்டோபர் வரை பெரும்பாலான இடங்களில் மழை மிக அரிது. மாசி, பங்குனியில் பச்சைப் பசேலென்று இருந்த குன்றுகள் வைகாசிக்குள் வைக்கோல் நிறத்துக்கு மாறிவிடுகின்றன. அவற்றை அங்குள்ளவர்கள் பொன்னிறக் குன்றுகள் என்று பெருமையாகச் சொல்வார்கள். உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர் எவரும் அதைப் பார்த்தவுடன் காய்ந்த புல் என்றுதான் சொல்வார். புல் ஜூனிலேயே செத்துவிடும். சாப்பரல் எனப்படும் முரட்டுப் புதர்களோ, ஆழ இறங்கிய வேரால் மண்ணிலிருந்து இழுக்கும் நீரைக் கொண்டு மெல்ல மெல்லத் தாக்குப்பிடித்துச் செப்டம்பர், அக்டோபரில்தான் முழுக்க வறள்கின்றன. உயிரோடு இருக்கும் புதரில் உள்ள நீரின் எடை, அதன் உலர் எடையில் 60 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்டால் அதைக் கிட்டத்தட்ட விறகாகவே தீயணைப்புத் துறையினர் கணக்கில் கொள்கிறார்கள்.

ஆகவே வெயில் உச்சியில் இருக்கும் ஜூலையைவிட, வெயில் தணிந்து மழை இன்னும் தொடங்காத புரட்டாசி, ஐப்பசி மாதங்களே அங்கு மிகக் கொடியவை. ஓக்லாந்துக் குன்றுகளில் 25 பேரைக் கொன்ற தீ 1991 அக்டோபர் 20இல் பரவியது. சாண்டா ரோசா நகருக்குள் புகுந்த டப்ஸ் தீ 2017 அக்டோபர் 8 இரவில் கிளம்பியது. பாரடைஸ் என்ற ஊரை ஏறக்குறைய முழுவதும் அழித்து 85 உயிர்களைப் பலிகொண்ட கேம்ப் தீ 2018 நவம்பர் 8இல் மூண்டது. தென் கலிபோர்னியாவில் மழை தாமதமானால் இந்தக் காலம் இன்னும் நீளும். லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் பாலிசேட்ஸ், ஈட்டன் என்ற இரு பெருந்தீக்கள் பற்றியது 2025 ஜனவரி 7இல், இங்கே பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது. ஆகஸ்டில் போய் இறங்கும் மாணவர், விடுதி அறையில் பெட்டியைப் பிரித்து அடுக்கி முடிப்பதற்குள் இந்தப் பருவம் வந்துவிடுகிறது.

அடுத்து, கடலோரமும் உள்நாடும் எப்படி வேறுபடுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். பசிபிக் கடல் அங்கே குளிர்ந்த கடல். அதன்மேல் படியும் ஈரக்காற்று மூடுபனியாகத் திரண்டு, கோல்டன் கேட் போன்ற இடைவெளிகள் வழியே ஊருக்குள் நுழைகிறது. ஒரே ஜூலைப் பிற்பகலில் சான் பிரான்சிஸ்கோவில் 18 பாகை செல்சியஸில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றிருக்கிறேன். ஒரு மணி நேரம் காரோட்டி லிவர்மோரில் இருந்த எங்கள் வீட்டை அடைந்தபோது வெப்பம் 38ஐத் தாண்டியிருந்தது. லிவர்மோருக்குக் கிழக்கே ஆல்டமான்ட் கணவாயில் காற்றாலைகள் வரிசையாகச் சுழல்வதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆரல்வாய்மொழிதான் நினைவுக்கு வரும். கடற்காற்று உள்நாட்டு வெக்கையை நோக்கிப் பாயும் வழி அது. அந்தக் காற்று வீசிக்கொண்டிருக்கும்வரை மாலையில் குளிரும், ஈரம் கூடும், தீயும் அடங்கும்.

இதனால் கடலோரத்தில் வீடு பிடித்தவர்கள் தங்களுக்கு ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். சாண்டா குரூஸ் மலையில், மூடுபனி சொட்டிச் சொட்டி வளர்த்த ரெட்வுட் என்னும் நெடுமரங்கள் நிறைந்த பிக் பேசின் காடு கடலுக்கு வெகு அருகில்தான் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் நடுவில், மழையில்லாத இடி மின்னல் வட கலிபோர்னியா முழுவதும் நூற்றுக்கணக்கான இடங்களில் நெருப்பு வைத்தபோது அந்தக் காடும் எரிந்தது. அதைத் தொடர்ந்து செப்டம்பர் 9 அன்று, மேலே நின்ற புகையால் சான் பிரான்சிஸ்கோவில் நண்பகலிலும் வானம் செம்மஞ்சளாக இருண்டு, தெருவிளக்குகள் எரிந்தன. பாலிசேட்ஸ் தீயோ மாலிபூவில் கடற்கரைச் சாலை வரை இறங்கி, அலை தொடும் வீடுகளையே கொளுத்தியது.

இங்கே நம் அனுபவம் நம்மை ஏமாற்றும் இடம் ஒன்றும் உண்டு. வத்தலக்குண்டிலிருந்து மலைப்பாதையில் ஏற ஏறக் குளிரும் என்பது நமக்குப் பழகிப்போனது. கோடைக் காலக் கலிபோர்னியாவில் பல நாட்கள் இது தலைகீழாக இருக்கும். கடலின் குளிர்ந்த காற்று தரையோடு தரையாக, பெரும்பாலும் ஆயிரம் முதல் இரண்டாயிரம் அடி உயரத்துக்குள் படுத்துக் கிடக்க, அதற்கு மேலே சூடான வறண்ட காற்று மூடிபோல் உட்கார்ந்திருக்கும். பள்ளத்தாக்கில் இரவு போர்வை தேடும்போது, குன்றின் நடுச்சரிவில் இரவெல்லாம் வெப்பமும் வறட்சியும் குறைவதில்லை. எனவே கீழே பகலில் எரிந்து இரவில் சோர்ந்துபோகும் தீ, மேலே விடிய விடிய எரியும். "ராத்திரி குளிர்ந்துவிட்டது, இனிப் பயமில்லை" என்று முற்றத்தில் நின்று முடிவு செய்யாதீர்கள். மேலே மலையில் என்ன நிலை என்று பாருங்கள்.

இனிக் காற்றுக்கு வருகிறேன். இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பேன் என்பவர் இதை வைத்துக்கொள்ளட்டும். நம் முன்னோர் கிழக்குக் காற்றைக் கொண்டல் என்றும், மேற்குக் காற்றைக் கோடை என்றும், வடக்குக் காற்றை வாடை என்றும், தெற்குக் காற்றைத் தென்றல் என்றும் அழைத்தார்கள். கொண்டல் மழை தரும், கோடை வாட்டும், வாடை நடுக்கும். கலிபோர்னியாவில் இறங்கியதும் இந்தக் கணக்கு கவிழ்ந்துவிடுகிறது. மேற்கிலிருந்து வருவதுதான் அங்கே உடலுக்கு இதமான கடற்காற்று. ஐப்பசியில் நமக்கு மழையை அள்ளி வரும் வடகிழக்குக் காற்று, அதே மாதத்தில் அங்கே தீயைத் தள்ளி வருகிறது.

காரணம் எளியது. நமக்கு வடகிழக்கில் வங்கக் கடல் இருக்கிறது. அவர்களுக்கு வடகிழக்கில் நெவாடாவின் உயர்ந்த பாலைநிலம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் அங்கே உயரழுத்தம் உருவானால், காற்று அங்கிருந்து மலைகளைத் தாண்டிக் கடலை நோக்கிச் சரிகிறது. கீழே இறங்கும் வறண்ட காற்று அழுந்தி, ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 பாகை செல்சியஸ் சூடேறும். சூடேறச் சூடேற அதன் ஈரப்பத விழுக்காடு குறையும். இதைத் தேனிக்காரருக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆடியில் கேரளத்தில் கொட்டித் தீர்த்த மேற்குக் காற்று, கம்பத்துக்கும் போடிக்கும் சாரலை மட்டும் தூவிவிட்டு, உசிலம்பட்டி, திருமங்கலம் வருவதற்குள் வெறும் வறட்டுக் காற்றாகிவிடுவதும் இதே வழியில்தான். அம்மியையே பறக்கவைக்கும் என்று நாம் சொல்லும் அந்தக் காற்று, ஆறு மாதம் மழை காணாத காட்டின்மேல், மின்கம்பிகளை உரசவைத்துக்கொண்டு வீசினால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள வளைகுடாப் பகுதியில் அதற்கு டயாப்லோ காற்று என்று பெயர். டயாப்லோ என்றால் ஸ்பானிய மொழியில் பிசாசு. தெற்கே அதைச் சாண்டா அனா காற்று என்கிறார்கள்.

அந்தக் காற்று வந்துவிட்டதை உடம்பே சொல்லிவிடும். அத்தகைய ஒரு நாளில், என்னைப் பார்க்க மதுரையிலிருந்து வந்திருந்த என் அம்மா, துவைத்த கனத்த துண்டைப் பால்கனியில் போட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போனார். திரும்பி வந்தபோது துண்டு அப்பளம்போல் விறைத்திருந்தது. உதடு வெடித்தது, கதவுக் குமிழைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் அடித்தது. "ஏம்ப்பா, வெயிலே இல்ல, துண்டு மட்டும் எப்படிக் காஞ்சுச்சு?" என்று கேட்டார். வெளியே 26 பாகைதான். ஆனால் காற்றின் ஈரப்பதம் 9 விழுக்காடு.

வெப்பமானியை விட்டுவிட்டு நீங்கள் பார்க்க வேண்டியவை காற்றின் திசை, வேகம், ஈரப்பதம் ஆகிய மூன்றும்தான். அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை இவற்றைக் கணக்கிட்டு இரு நிலைகளில் அறிவிக்கிறது. 'ஃபயர் வெதர் வாட்ச்' என்றால் தீக்கு ஏற்ற வானிலை வரக்கூடும் என்று பொருள். 'ரெட் ஃபிளாக் வார்னிங்', அதாவது சிவப்புக் கொடி எச்சரிக்கை, என்றால் அது வந்துவிட்டது அல்லது விரைவில் வரப்போகிறது என்று பொருள். பின்னதில் தீ எங்கும் பற்றியிருக்க வேண்டியதில்லை. பற்றினால் எளிதில் அணைக்க முடியாது என்பதே செய்தி. அன்று வெளியில் அடுப்பு மூட்டுவது, காய்ந்த புல்லின்மேல் காரை நிறுத்துவது, புல்வெட்டும் இயந்திரத்தை இயக்குவது எல்லாவற்றையும் தவிர்க்க வேண்டும். மின் நிறுவனமும் அத்தகைய நாட்களில் தானே மின்சாரத்தை நிறுத்தக்கூடும். நம் ஊரின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடைபோல மாலை ஐந்து மணிக்கு வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். காற்று நின்ற பிறகு கம்பிகளை முழுக்கப் பார்வையிட்ட பின்னரே இணைப்பார்கள் என்பதால் ஓரிரு நாட்கள்கூட ஆகலாம்.

தீ சரிவில் மேல்நோக்கி ஓடும் என்பதை நம் பக்கத்தவர் மறந்திருக்க முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில், காய்ந்த புல் சரிவில் மலையேறச் சென்றவர்கள் சிக்கிக்கொண்டு 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கீழே எரியும் தழல், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே வறுத்து வைத்துவிடுவதால், சரிவு கூடக் கூட அதன் ஓட்டமும் கூடுகிறது. புதிய ஊரில் நண்பர்களோடு வார இறுதியில் மலையேறும் ஆசை வரும். சிவப்புக் கொடி நாளில் போகாதீர்கள்.

மலைமேல் வீடு இல்லாதவரும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. சாண்டா ரோசாவின் காஃபி பார்க், நம் ஊர் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புபோல் சமதரையில் நெருக்கமாகக் கட்டிய வீடுகளைக் கொண்ட பகுதி. டப்ஸ் தீயின் கங்குகள் ஆறு வழி நெடுஞ்சாலையைத் தாண்டிப் பறந்து அதைக் கரியாக்கின. கங்குதான் வீடுகளின் எமன்: கூரையிடுக்குக் காற்றுத்துளை வழியாகவும், சுவரோரச் சருகிலும், கதவடியில் கிடக்கும் தேங்காய் நார் மிதியடியிலும் அது விழுந்து பற்றும். நம் வனத்துறை கோடைக்கு முன் காட்டில் தீத்தடுப்புக் கோடு வெட்டுவதுபோல, வீட்டைச் சுற்றி முதல் 5 அடிக்குள் எரியக்கூடியது எதுவும் இல்லாமலும், 100 அடி வரை புல்லையும் புதரையும் குறைத்தும் வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

தீ வராத ஊருக்கும் புகை வரும். கேம்ப் தீ எரிந்த இடம் வளைகுடாப் பகுதியிலிருந்து ஏறக்குறைய நூற்றைம்பது மைல் வடக்கே. இருந்தும் ஏறக்குறைய இரண்டு வாரம் அங்கே போகிப் பண்டிகை விடியல்போலவே இருந்தது. ஏர்நவ் தளத்தில் காற்றுத்தரக் குறியீடு 150ஐத் தாண்டினால் சன்னலைச் சாத்தி, வெளியே போவதானால் முகத்தோடு ஒட்டும் என்95 கவசம் அணியுங்கள். துணிக் கவசத்தால் பயனில்லை. நம் வீடுகளுக்கென்று ஒரு தனி எச்சரிக்கையும் உண்டு: அன்று தாளிக்காதீர்கள், வடை சுடாதீர்கள், சாம்பிராணி போடாதீர்கள். சாத்திய வீட்டுக்குள் அந்தப் புகை வெளியே போக வழியின்றி, உள்ளே வெளியைவிட மோசமாகிவிடும். ரசமும் சோறும் போதும்.

வெளியேறச் சொல்லும் அறிவிப்பிலும் இரண்டு நிலைகள் உண்டு. 'வார்னிங்' என்றால் ஆயத்தமாக இரு என்று பொருள். முதியவர், கைக்குழந்தை, கர்ப்பிணி உள்ள வீட்டார் அப்போதே கிளம்பிவிட வேண்டும். 'ஆர்டர்' என்றால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். உங்கள் மாவட்டத்தின் அவசரச் செய்திச் சேவையில் வீடு பிடித்த வாரமே பதிவு செய்து, உங்கள் வெளியேற்ற மண்டல எண்ணைத் தெரிந்துகொள்ளுங்கள். கடவுச்சீட்டு, விசா ஆவணங்கள், மருந்து, நகை ஆகியவை ஒரே பையில் இருக்கட்டும். எங்கள் பகுதிக்கு ஒருமுறை அறிவிப்பு வந்தபோது பையெல்லாம் ஆயத்தமாகத்தான் இருந்தது; மின்சாரம் போயிருந்ததால் கார் கொட்டகையின் கதவு திறக்கவில்லை. வீட்டை வாடகைக்கு விட்ட நிர்வாகத்தார் அதைப்பற்றி ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் ஓடி வந்து, கதவு இயந்திரத்திலிருந்து தொங்கிய சிவப்புக் கயிற்றை இழுத்துவிட்டுக் கையாலேயே கதவைத் தூக்கினார். அந்தக் கயிறு எங்கே இருக்கிறது என்று குடிபோன அன்றே இழுத்துப் பாருங்கள்.

வாடகைக்கு இருப்பவர்கள் வாடகையாளர் காப்பீடு எடுத்துவிட வேண்டும். வெளியேறிய நாட்களின் விடுதிச் செலவையும் அது பெரும்பாலும் ஏற்கும். வீடு வாங்குவோர், முன்பணம் கொடுக்கும் முன்பே மாநிலத்தின் தீ அபாய மண்டல வரைபடத்தைப் பார்த்துக் காப்பீடு கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.

கடைசியாக, ஆறு மாதம் தங்க வரும் பெற்றோரைப் பற்றி. பகலில் வீட்டில் தனியே இருப்பவர்கள் அவர்கள்தான். கைப்பேசியில் ஆங்கிலத்தில் அலறும் அறிவிப்பை ஏதோ விளம்பரம் என்று அணைத்துவிடுவார்கள். என் அம்மாவுக்காக நான் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாளைத் தமிழில் எழுதி ஒட்டியிருந்தேன்: கைப்பேசி விடாமல் அலறினால் உடனே எனக்கு அழைக்கவும், நான் எடுக்காவிட்டால் எதிர்வீட்டுக் கதவைத் தட்டவும், நீலப் பையும் மாத்திரை டப்பாவும் மட்டும் எடுக்கவும், அடுப்பை அணைக்கவும், சாமி படங்களை எடுக்க நிற்க வேண்டாம். கடைசி வரியை அவர் பேனாவால் அடித்துவிட்டு, மீனாட்சி படத்தை நீலப் பைக்குள் முன்கூட்டியே வைத்துவிட்டார்.