இழுப்பு வரும் பிள்ளைகளுக்குக் கைவைத்தியம்: எங்கே தவறு நேர்கிறது?

தை பிறந்து சம்பா அறுவடை தொடங்கிவிட்டால் தஞ்சை, திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கம் வீசிங், அதாவது ஆஸ்துமா இழுப்பு, உள்ள பிள்ளைகளுக்குச் சோதனைக் காலம். விடியற்காலைப் பனி, அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசி, வைக்கோல், சளிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்து வரும். கொல்லையில் நிற்கும் ஆடாதொடையும் கற்பூரவள்ளியும் அப்போது நினைவுக்கு வருவது இயல்பு. சோற்றில் பிசைந்து ஊட்டும் தூதுவளை ரசத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அதைக் கொடுக்கிறோம் என்று இன்ஹேலரை நிறுத்துகிறார்களே, அதுதான் பெரிய தவறு.

ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உட்புறம் வீங்கியிருக்கிறது. இழுப்பு இல்லாத நாளிலும் அந்த வீக்கம் இருக்கும். தினமும் எடுக்கச் சொல்லும் தடுப்பு இன்ஹேலர் அதைத்தான் மெல்ல மெல்லக் குறைக்கிறது. கஷாயம் கொடுத்த வாரத்தில் பிள்ளை தேறினால் பெயர் கஷாயத்துக்குப் போய்விடுகிறது. அதுவரை எடுத்த மருந்து செய்த வேலை கணக்கில் வருவதில்லை. இன்ஹேலரை நிறுத்திய சில வாரங்களில் இழுப்பு திரும்புகிறது, சில சமயம் முன்னைவிடக் கடுமையாக.

'பம்ப் பழகினால் விடாது' என்ற பயமும் வீண். இழுப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமால் இன்ஹேலரை ஒருமுறை அழுத்தினால் வருவது 100 மைக்ரோகிராம். அதே மருந்தின் சிறிய மாத்திரையில் 2 மில்லிகிராம், அதாவது 20 மடங்கு இருக்கிறது. நேராக நுரையீரலுக்குப் போவதால்தான் இவ்வளவு குறைவான அளவே போதுமானதாகிறது.

அடுத்தது புகை. அந்தி நேரத்தில் கொசுவுக்காக வேப்பிலை மூட்டம், குளித்த தலைக்குச் சாம்பிராணி, இரவெல்லாம் கொசுவர்த்தி. நல்ல புகை, கெட்ட புகை என்று மூச்சுக்குழாய்க்குத் தெரியாது. கொசுவலை கட்டுங்கள். ஆவி பிடிப்பதால் ஆஸ்துமா இழுப்பு அடங்காது. கொதிநீர் கவிழ்ந்து பிள்ளை வெந்துபோகும் ஆபத்துதான் மிச்சம். சூடான எண்ணெயில் கற்பூரம் கரைத்து நெஞ்சில் தேய்ப்பதை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அறவே செய்யாதீர்கள். கற்பூரம் வாய்க்குள் போனால் எந்த வயதுப் பிள்ளைக்கும் வலிப்பு வரலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனும் ஆகாது.

எனக்கு அதிகக் கவலை தருபவை பெயரும் விவரமும் அச்சிடாமல் காகிதத்தில் மடித்துத் தரும் பொடிகள். 'மூன்றே நாளில் நிற்கும்' என்பார்கள், நிற்கவும் செய்யும். அப்படி மாயமாக வேலை செய்யும் பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. மாதக்கணக்கில் தின்றால் முகம் ஊதும், வளர்த்தி குன்றும். சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். சித்த மருந்துதான் வேண்டுமென்றால் அரசு மருத்துவமனைகளிலேயே சித்தப் பிரிவு இருக்கிறது. அங்கே வாங்குவதைக் குழந்தை மருத்துவரிடமும், இன்ஹேலர் எடுப்பதைச் சித்த மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

இழுப்பு முற்றும்போது சட்டையைக் கழற்றிப் பாருங்கள். மூச்சு இழுக்கும்தோறும் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் உள்வாங்குகிறதா? ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல முடியவில்லையா? உதடு நீலம் பாய்கிறதா? பிள்ளை துவண்டு கிடக்க, 'கீச்' சத்தம் மட்டும் அடங்கிவிட்டால் அது தேறியதன் அறிகுறி அல்ல. உள்ளே காற்றே போகவில்லை என்று பொருள். இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை பிள்ளையை நிமிர்த்தி உட்காரவைத்து, உடனடி நிவாரண இன்ஹேலரை ஸ்பேசர் (இன்ஹேலரோடு பொருத்தும் குழாய்) வழியாக மருத்துவர் சொல்லியிருக்கும் அளவில் கொடுங்கள்.