மனநலச் சிகிச்சையின்போது கார் ஓட்டுதலும் காப்பீடும்

மனச்சோர்வோ பதற்றமோ இருப்பதாலேயே ஒருவர் கார் ஓட்டத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. கவனமும் முடிவெடுக்கும் திறனும் எவ்வளவு பாதிக்கப்பட்டுள்ளன என்பதே முக்கியம். பதற்றத்துக்கும் தூக்கமின்மைக்கும் தரப்படும் பென்சோடயசிபைன் போன்ற சில மருந்துகளின் தூக்கக் கலக்கம் மறுநாள் காலையிலும் நீடிக்கலாம் என்பதால், புதிய மருந்தைத் தொடங்கும்போதும் அதன் அளவு மாறும்போதும், அது உங்கள் உடலில் எப்படி வேலை செய்கிறது என்று தெரியும்வரை ஓட்டாதீர்கள். ஓட்டுவதற்காக மருந்தை நீங்களாகவே நிறுத்துவதும் பெரும் ஆபத்து. மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா என்னும் கடும் மனநோய்) தீவிரமாக இருக்கும் நாட்களில், மருத்துவர் சம்மதிக்கும்வரை சாவியை வீட்டாரிடம் கொடுத்துவிடுங்கள். உரிமம் வழங்கும் அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதை அங்குள்ள விதிகளைப் பார்த்தும் மருத்துவரிடம் கேட்டும் உறுதிசெய்யுங்கள். காப்பீட்டு விண்ணப்பத்தின் உடல்நலக் கேள்விகளுக்கு உண்மையாகவே பதிலளியுங்கள். மறைத்தது பின்னர் தெரியவந்தால் இழப்பீடு மறுக்கப்படலாம். நீங்கள் தெரிவித்ததற்கான நகலையும் பத்திரப்படுத்துங்கள்.