பெரிய ரிம்முக்கு ஏற்ற டயரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? தினமும் ஓடும் காருக்கான செய்முறை விளக்கம்

காருக்குப் பெரிய அலாய் வீல் போட விரும்புபவர்களில் பலர், முதலில் ரிம்மைப் பார்த்து வாங்கிவிட்டு, அதற்கு எந்த டயர் பொருந்தும் என்று பிறகுதான் விசாரிக்கிறார்கள். இந்த வரிசையைத் தலைகீழாக மாற்றிக்கொள்ளுங்கள். காரின் எடையைத் தாங்குவது டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றுதான். சக்கரத்தின் மொத்த உயரம் மாறாமல் ரிம் மட்டும் பெரிதானால், காற்றுக்கு இருக்கும் இடம் சுருங்கிவிடுகிறது. ஆகவே எந்த டயர் உங்கள் காரைச் சரியாகத் தாங்கும் என்பதை முதலில் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த டயருக்கு ஏற்ற ரிம்மைத் தேடுவதே பாதுகாப்பான வழி.

முதல் படி: இப்போது இருப்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்

ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவுச் சட்டத்திலோ அதன் அருகிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். கார் தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் டயர் அளவும் காற்றழுத்தமும் அதில் அச்சிடப்பட்டிருக்கும். சில கார்களில் இது எரிபொருள் மூடியின் உட்புறம் இருக்கும். டயரின் மேல் உள்ள அளவை மட்டும் நம்பாதீர்கள். முந்தைய உரிமையாளர் வேறு அளவைப் போட்டிருக்கக்கூடும்.

எடுத்துக்காட்டாக 185/65 ஆர் 15 88 எச் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் அன்று, அகலத்தில் 65 விழுக்காடு என்று பொருள். ஆர் என்பது ரேடியல், 15 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 88 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் அதிகபட்சமாக 560 கிலோ தாங்கும் என்பதை அது சொல்கிறது. எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் வேகக் குறியீடு.

இரண்டாம் படி: மொத்த விட்டத்தைக் கணக்கிடுங்கள்

இந்தக் கணக்கு எளிது. 185-இல் 65 விழுக்காடு 120.25 மி.மீ. பக்கச்சுவர் ரிம்முக்கு மேலும் கீழும் இருப்பதால் அதை இரட்டிப்பாக்கினால் 240.5. ரிம்மின் 15 அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் 381. இரண்டையும் கூட்டினால் 621.5 மி.மீ. புதிய டயரின் விட்டம் இந்த எண்ணுக்கு எவ்வளவு நெருக்கமாக வருகிறதோ அவ்வளவு நல்லது.

16 அங்குல ரிம்முக்கு 195/55 என்ற அளவைப் பார்த்தால் 620.9 வருகிறது, வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. 17 அங்குலத்துக்கு 205/45 எடுத்தால் 616.3, அதாவது ஏறக்குறைய 0.8 விழுக்காடு குறைவு, இதுவும் பரவாயில்லை. அதே 17 அங்குலத்துக்கு 205/50 எடுத்தால் 636.8 ஆகி, 2.5 விழுக்காடு கூடிவிடுகிறது. பொதுவாக 3 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பார்கள். அந்த எல்லைக்குள் இருந்தாலும், விட்டம் கூடுவதைவிடச் சற்றே குறைவது மேல் என்பது என் கருத்து. சக்கரம் பெரிதானால் ஒவ்வொரு சுற்றுக்கும் கார் கூடுதல் தொலைவு போகும். வேகமானி காட்டுவதைவிட நீங்கள் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள். சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் தகடான ஃபெண்டரில் உரசும் வாய்ப்பும் கூடும்.

மூன்றாம் படி: சுமைக் குறியீட்டையும் காற்றழுத்தத்தையும் சேர்த்துப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தவறவிடும் இடம் இதுதான் என்பதால், இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். புதிய டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக்கூடாது. நம் எடுத்துக்காட்டில் 88 இருக்க வேண்டும். ஆனால் 195/55 ஆர் 16 டயரின் சாதாரண வகை 87 என்றுதான் வரும். அது 545 கிலோ. 205/45 ஆர் 17 டயரின் சாதாரண வகையோ 84, அதாவது 500 கிலோ. ஒரு டயருக்கு 60 கிலோ வீதம் நான்கு டயர்களுக்கு 240 கிலோ தாங்குதிறனை இழந்திருப்பீர்கள். விட்டம் கச்சிதமாகப் பொருந்தியதாலேயே டயர் பொருந்திவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த இழப்பைக் கவனிப்பதில்லை.

இதற்குத் தீர்வு, எக்ஸ்எல் என்று குறிக்கப்பட்ட, கூடுதல் சுமை தாங்கும் வகை. 205/45 ஆர் 17 எக்ஸ்எல் 88 என்று கிடைக்கும். எண் பழையதோடு ஒத்துவிட்டது என்று இங்கேயே நின்றுவிடாதீர்கள். சாதாரண டயர் தன் முழுச் சுமையை 250 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 36 பிஎஸ்ஐ அழுத்தத்தில் தாங்குகிறது. எக்ஸ்எல் டயருக்கு அதே சுமையைத் தாங்க 290 கிலோபாஸ்கல், சுமார் 42 பிஎஸ்ஐ வேண்டும். ஆகவே கதவு ஸ்டிக்கரில் 32 பிஎஸ்ஐ என்று இருந்தால், அதே தாங்குதிறனைப் பெறுவதற்கு எக்ஸ்எல் டயரில் ஏறக்குறைய 37 பிஎஸ்ஐ வைக்க வேண்டியிருக்கும். பழைய பழக்கத்தில் 32-ஐயே வைத்து ஓட்டினால், கூடுதல் சுமைக்கான டயரை வாங்கியும் காற்றுக் குறைந்த டயரில் ஓடுவதற்குச் சமம். ஓரங்கள் தேயும், டயர் சூடாகும். டயர் நிறுவனங்கள் சுமைக்கும் அழுத்தத்துக்குமான அட்டவணை வைத்திருக்கின்றன. உங்கள் அளவுக்கான எண்ணை அதில் சரிபார்த்து, எழுதிக் கதவு ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.

வேகக் குறியீடும் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கட்டும். டி 190, எச் 210, வி 240 கிலோமீட்டர்.

நான்காம் படி: எத்தனை அங்குலம் வரை போகலாம் என்று முடிவுசெய்யுங்கள்

நம் எடுத்துக்காட்டில் பக்கச்சுவர் 120 மி.மீ-இலிருந்து 16 அங்குலத்தில் 107-ஆகவும், 17 அங்குலத்தில் 92-ஆகவும் குறைகிறது. பள்ளத்தில் இறங்கும்போது அடியை முதலில் வாங்கி அமுங்குவது இந்தப் பக்கச்சுவர்தான். அது குட்டையாக இருந்தால் பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்மின் விளிம்புக்கும் நடுவில் ரப்பர் நசுங்கி, உள்ளே இருக்கும் நூலிழைகள் அறுந்துவிடும். அப்போது காற்று இறங்காது. மறுநாளோ ஒரு வாரம் கழித்தோ பக்கச்சுவரில் பாதி எலுமிச்சையைக் கவிழ்த்தது போல ஒரு புடைப்பு தெரியும். அந்த டயரைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றியே ஆக வேண்டும்.

பெரிய ரிம் பெரும்பாலும் எடையும் கூடுதலாக இருக்கும். நின்று நின்று போகும் போக்குவரத்தில் அந்த எடையை ஒவ்வொரு முறையும் சுழற்றிக் கிளப்ப வேண்டியிருப்பதால் எரிபொருள் செலவும் கூடும். தினமும் அலுவலகம் போய்வரும் காருக்கு ஓர் அங்குலம் கூட்டினால் போதும் என்றே சொல்வேன். அதே மாடலின் உயர் ரகத்தில் தயாரிப்பாளரே பெரிய சக்கரம் கொடுத்திருந்தால், அந்த அளவை அப்படியே எடுத்துக்கொள்வது எல்லாவற்றிலும் சிறந்தது. அரிய அளவுகளைத் தவிருங்கள். ஒரு டயர் கிழிந்தால் இன்னொன்று கிடைக்காமல் நாள்கணக்கில் அலைய நேரும்.

ஐந்தாம் படி: இப்போது ரிம்மைத் தேடுங்கள்

ஒவ்வொரு டயருக்கும் ஏற்ற ரிம் அகலம் இவ்வளவு என்று வரையறை உண்டு. 195/55 ஆர் 16 டயருக்கு 5.5 முதல் 7 அங்குலம் வரை. 205/45 ஆர் 17 டயருக்கு 6.5 முதல் 7.5 வரை. போல்ட் துளைகளின் எண்ணிக்கையும் இடைவெளியும், அதாவது பிசிடி, துல்லியமாக ஒத்துப்போக வேண்டும். கிட்டத்தட்டப் பொருந்துகிறது என்பதை ஏற்காதீர்கள். ரிம்மின் நடுத்துளை, காரில் சக்கரம் மாட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பைவிடப் பெரிதாக இருந்தால் அதற்கான வளையத்தைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் வேகத்தில் ஸ்டீயரிங் அதிர வாய்ப்புண்டு.

ஆஃப்செட் என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் பொருந்தும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்ற அளவு. 5.5 அங்குல அகலமும் 45 ஆஃப்செட்டும் கொண்ட ரிம்மை எடுத்துவிட்டு, 6.5 அங்குலமும் 38 ஆஃப்செட்டும் கொண்டதைப் போடுகிறீர்கள் என்றால், கூடிய ஓர் அங்குலம் இருபுறமும் 12.7 மி.மீ. வீதம் பிரிந்துகொள்ளும். ஆஃப்செட் 7 குறைந்ததால் சக்கரம் முழுவதும் 7 மி.மீ. வெளியே நகரும். எனவே வெளிப்புறத்தில் 19.7 மி.மீ. நீட்டிக்கொண்டும், உட்புறத்தில் சஸ்பென்ஷன் பக்கமாக 5.7 மி.மீ. நெருங்கியும் நிற்கும். இந்த இரண்டு எண்களையும் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் காரில் அத்தனை இடம் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். ரிம் தாங்கும் அதிகபட்ச எடை அதன் உட்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: வாங்கும்போது

ஈரச் சாலையில் நன்றாகப் பிரேக் பிடிக்கும், ஓசை குறைந்த சாதாரணப் பயண வகை டயரே இந்தப் பயன்பாட்டுக்கு ஏற்றது. நான்கும் ஒரே மாதிரியாக இருக்கட்டும். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கங்கள் தயாரிப்பு நாளைக் காட்டும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஸ்டெப்னி பழைய அளவிலேயே இருந்தால், அதன் விட்டமும் புதியதும் நெருங்கி இருக்கின்றனவா என்று பாருங்கள். மாற்றத்தை வாகன விதிகள் அனுமதிக்கின்றனவா என்பதையும், காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டுமா என்பதையும் பணம் கட்டும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பொருத்திய பின் சோதியுங்கள்

பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் முடிந்த பிறகு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பி, எங்காவது உரசுகிறதா என்று கேளுங்கள். பிறகு டயரின் தோள்பகுதியில், தரையில் படாத ஓரமாக, உள்ளும் வெளியும் சாக்பீஸால் அடர்த்தியாகத் தீட்டிவிட்டு, காரில் ஐந்து பேரை ஏற்றி, வேகத்தடைகள் உள்ள தெருவில் மெதுவாக ஒரு சுற்று போய்வாருங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது சாக்பீஸ் ஓரிடத்தில் மட்டும் பட்டையாக அழிந்து, ஃபெண்டரின் உள்பக்கத்தில் அதே வெள்ளை ஒட்டியிருந்தால், டயர் அங்கே உரசுகிறது. ஃபெண்டரை மடக்கியோ தட்டியோ சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். டயர் அளவையோ ஆஃப்செட்டையோ மாற்றித் தரச் சொல்லுங்கள்.

80 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளைத் தயாரிப்பாளர் சொல்லும் முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்சால் மீண்டும் ஒருமுறை சரிபாருங்கள். மறுநாள் காலையில், கார் இன்னும் கிளம்பாமல் டயர் குளிர்ந்திருக்கும்போதே, நீங்கள் எழுதி ஒட்டிய புதிய எண்ணுக்குக் காற்று இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.