ராமநாதபுரம் கடற்கரை இளைஞர்கள் சமூக ஊடகத்தை மனம் நோகாமல் கையாள்வது எப்படி?

இருபது வயதில் இருக்கும் ஒருவரிடம் கைப்பேசியைத் தூக்கிப் போட்டுவிடு என்று சொல்வதால் எந்தப் பயனும் இல்லை. கீழக்கரையிலோ பெரியபட்டினத்திலோ வளரும் பிள்ளை, துபாயிலோ ரியாத்திலோ வேலை பார்க்கும் வாப்பாவின் முகத்தைப் பார்ப்பது அதில்தான். பாம்பனில் கடல் தொழிலுக்குப் போகும் இளைஞருக்குக் காற்று எச்சரிக்கையும், கடலுக்குப் போக மீன்வளத் துறை இன்று அனுமதி டோக்கன் தருகிறதா இல்லையா என்ற தகவலும் வந்து சேர்வது வாட்ஸ்அப் குழுவில்தான். ஆகவே எவ்வளவு நேரம் பார்க்கிறோம் என்பதோடு, எந்த நேரத்தில் பார்க்கிறோம், எதைப் பார்க்கிறோம், கீழே வைக்கும்போது மனம் எப்படி இருக்கிறது என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும்.

நேரத்தைக் குறைப்பதால் பயன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. 2018இல் வெளியான பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வில் 143 மாணவர்கள் பங்கேற்றனர். அவர்களுள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் ஆகிய ஒவ்வொன்றையும் நாளுக்கு 10 நிமிடம் என்று மூன்று வாரங்கள் மட்டுப்படுத்திக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்தன. ஆனால் சமூக ஊடகம் மனத்தைச் சோர வைக்கிறதா, ஏற்கெனவே சோர்ந்த மனம் அதில் போய் ஒதுங்குகிறதா என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். உங்கள் நிலை எது என்று அறிய, முதல் ஒரு வாரம் எதையும் மாற்றாமல் கவனித்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை இன்ஸ்டாகிராமை மூடும்போதும் எரிச்சல், பொறாமை, சிரிப்பு, வெறுமை என்று ஒரே ஒரு சொல்லை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் உள்ள டிஜிட்டல் வெல்பீயிங் பகுதி, எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் போனது என்பதையும், திரையை எத்தனை முறை திறந்தீர்கள் என்பதையும் காட்டிவிடும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எங்கே கை வைக்க வேண்டும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

எதைத் திருத்துவதாக இருந்தாலும் உறக்கத்திலிருந்து தொடங்குங்கள் என்பதே என் உறுதியான கருத்து. உறக்கம் கெட்டவருக்குச் சிறு சொல்லும் பெரிய காயமாகப் படும். இரவு பத்து மணிக்குக் கைப்பேசியை அணைத்துவிடுங்கள் என்ற பொதுவான அறிவுரை நம் கடற்கரைக்குப் பொருந்தாது. விசைப்படகில் போகிறவர் இரவெல்லாம் கடலில் விழித்திருந்து, மறுநாள் காலை கரைக்கு வந்து, மீனை இறக்கிய பிறகு பகலில்தான் தூங்குகிறார். அவர் கடிகாரத்தைப் பார்க்காமல், படுக்கும் நேரம் எதுவோ அதற்கு ஒரு மணி நேரம் முன்பே ரீல்ஸை நிறுத்த வேண்டும்; உப்புப் பிசுக்கோடு பாயில் சாய்ந்தபடி ஐந்து நிமிடம் என்று தொடங்குவதுதான் நடுப்பகல் வரை இழுத்துக்கொண்டு போகிறது. வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீட்டிலோ சிக்கல் வேறு. சவுதியில் இரவு ஒன்பது மணி என்றால் இங்கே பதினொன்றரை. வேலை முடிந்து அவர் அழைப்பதே அப்போதுதான். அதற்காகக் கைப்பேசி முழுவதையும் திறந்து வைத்திருக்க வேண்டியதில்லை. தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பை இயக்கி, வீட்டார் எண்களை மட்டும் விதிவிலக்காகச் சேர்த்துவிட்டால், அந்த அழைப்பு வரும், மற்ற அறிவிப்புகள் ஓசையின்றிக் கிடக்கும். வாட்ஸ்அப் வழியே வரும் அழைப்புக்கும் அது வேலை செய்கிறதா என்று ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். பேசி முடித்தவுடன் கைப்பேசியைப் படுக்கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது முக்கியம்.

அடுத்தது ஒப்பீடு. ஊரை விட்டுப் போன நண்பன் பதிவிடும் படத்தில் மாடிக் கட்டடமும் புதுக் காரும் இருக்கும். ஓர் அறையில் பலர் தங்கியிருப்பதும், ஏஜென்ட்டுக்கு வாங்கிய கடனும் அதில் இருக்காது. இது தெரிந்திருந்தும் மனம் வலிக்கத்தான் செய்கிறது. ஆகவே எழுதி வைத்த தாளில் யாருடைய பதிவுக்குப் பிறகு வெறுமை என்ற சொல் அடிக்கடி வருகிறதோ, அவரை மியூட் செய்துவிடுங்கள். அது அவருக்குத் தெரியாது, நட்பும் கெடாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுத் தொழிலாளர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வருமானம் நின்று, நேரம் மட்டும் மிஞ்சியிருக்கும் நாட்கள் அவை. வலை சீரமைப்பு, படகுக்கு வண்ணம் பூசுதல் என்று நாலு பேரோடு சேர்ந்து செய்யும் வேலையைக் காலையிலேயே வைத்துக்கொண்டு, செயலிகளுக்கான நேர வரம்பைத் தடை தொடங்கும் நாளிலேயே அமைத்துவிடுங்கள்.

இலங்கைக் கடற்படையிடம் மீனவர்கள் கைதாகும் இரவுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். எந்தப் படகு, எத்தனை பேர் என்பது உறுதியாகும் முன்பே பழைய காணொளிகளும் பதறிய குரல் பதிவுகளும் குழுக்களில் நிறைந்துவிடும். அண்ணனோ மாமாவோ கடலில் இருக்கும் பிள்ளை, விடியும் வரை அவற்றையே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறது. வாட்ஸ்அப் அமைப்புகளில், சேமிப்பும் தரவும் என்ற பகுதியில், ஊடகங்கள் தானாகப் பதிவிறங்குவதை முதலில் நிறுத்துங்கள். படகு உரிமையாளர் அல்லது சங்கப் பொறுப்பாளர் என்று ஒரே ஒருவரை வீட்டார் சார்பில் தொடர்புக்கு வைத்துக்கொண்டு, அவர் சொல்வதை மட்டும் நம்புங்கள். அந்த இரவில் தனியாக இருக்காதீர்கள். கரையில் அழுது நிற்கும் பெண்களைப் படமெடுத்துப் பரப்புகிறவர்களிடம் அது தவறு என்று நேரடியாகச் சொல்லுங்கள். அந்த முகம் அவர்களுடைய பிள்ளைகளின் கைப்பேசிக்கும் வந்து சேரும்.

புகைப்படத்தை வைத்து மிரட்டுகிறவர்களுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். உரையாடலின் திரைப்பிடிப்பை அழிக்காமல் வைத்துக்கொண்டு, 1930 என்ற இணையக் குற்றப் புகார் எண்ணில் புகார் செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்கள் அந்த நேரத்தில் மிரட்டலுக்கு உள்ளான பெண்ணின் கைப்பேசியைப் பிடுங்கினால், அடுத்த முறை அவள் எதையும் சொல்ல மாட்டாள்.

இவ்வளவு செய்தும் இரண்டு வாரத்துக்கு மேல் உறக்கமின்மை, பசியின்மை, எதிலும் பிடிப்பில்லாத நிலை தொடர்ந்தால், கைப்பேசியைக் குறை சொல்லிக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்துவிட்டால் இரண்டு வாரம் என்ற கணக்கே வேண்டாம்; அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். மனநோய் என்றதும் நம் பகுதியில் ஒரு தயக்கம் உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகளுக்கான காப்பகம் ஒன்றில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டதை நம் பெற்றோர் தலைமுறை மறக்கவில்லை. தர்காவிலோ கோயிலிலோ மாதா கோயிலிலோ பிரார்த்திப்பதை யாரும் தடுக்கவில்லை, மருத்துவமும் உடன் நடக்கட்டும். டெலி மானஸ் என்ற அரசு மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையின் 14416 என்ற எண் 24 மணி நேரமும் இலவசமாக இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். நேரில் செல்ல ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. போகும்போது நீங்கள் எழுதிய தாளையும் எடுத்துச் செல்லுங்கள். உறங்கும் நேரமும் மனநிலையும் அதில் இருப்பதால் மருத்துவருக்கு அது உதவும். மருந்து தொடங்கினால் அவரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம். வளைகுடா நாட்டு வேலைக்குப் புறப்படுகிறவர் அதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் சில மனநல மருந்துகளை அங்கே கொண்டு செல்ல மருந்துச் சீட்டும் முன் அனுமதியும் தேவைப்படுகின்றன.