சர்க்கரை இல்லை, சீனி

வவுனியாப் பக்கம் கல்லுடைக்கிற இடத்திலிருந்து மருமகன் ஒரு வெளிர்நிறத் துண்டு கொண்டுவந்தான். கொப்பியில் எழுதியிருந்தது: “சலவைக்கல். சர்க்கரை போன்ற இழையமைப்பு.” இழையமைப்பு என்றால் கல்லின் மணிகள் அமைந்திருக்கிற விதம். எழுதிய இரண்டுமே பிழை.

எங்களுக்குச் சர்க்கரை என்றால் பொங்கலுக்குப் போடுகிற மண்ணிறச் சாமான். கை பட்டால் பிசுபிசுக்கும். பாடநூல் சொல்ல வருவது தேத்தண்ணிக்குப் போடுகிற சீனியை. ஏறத்தாழ ஒரே அளவு மணிகள், ஒன்றோடொன்று இறுகப் பொருந்தி, வெயிலில் திருப்பினால் மினுங்கும். கற்கண்டு அளவுக்கு மணிகள் பெருத்துவிட்டால் சீனியமைப்பு என்ற பெயர் பொருந்தாது. வேடிக்கை என்னவென்றால், வடமொழிச் ‘சர்க்கரா’வுக்குப் பருக்கைக்கல் என்ற பொருளும் உண்டு. கல்லைச் சொன்ன சொல் இனிப்புக்குப் போய், திரும்பக் கல்லிடமே வந்திருக்கிறது.

வெளித்தோலைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். மழையிலும் வெயிலிலும் உக்கிய கருங்கல்லும் மணிமணியாக உதிரும்; அது சீனியமைப்பு அல்ல. சுத்தியலால் உடைத்துப் புதுமுகத்தைப் பாருங்கள். மணற்கல்லிலும் ஏமாறலாம்: அதில் உருண்ட மணல்மணிகளை வேறொரு பொருள் ஒட்டிவைத்திருக்கும், உடையும்போது பெரும்பாலும் மணிகளைச் சுற்றியே உடையும். மணற்கல் சூட்டிலும் அழுத்தத்திலும் இறுகி உருவான குவாட்சைற், மணிகளை ஊடறுத்தே உடையும்.

பெரிய பிழை, இழையமைப்பைப் பாறையின் பெயராக எடுத்துக்கொள்வது. சலவைக்கல், குவாட்சைற், சுண்ணக்கல்லை ஒத்த டொலமைற், கருங்கல் இனத்து அப்ளைற் எல்லாமே சீனி போல இருக்கலாம். கீறலைத் தாங்கும் வன்மையை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்வார்கள்: சலவைக்கல்லின் கனிமமான கல்சைற் 3, குவாட்சைற்றின் கனிமமான குவாட்ஸ் 7. சமையல் கத்தி இடையில் எங்கோ நிற்கும். அதனால் சலவைக்கல்லில் கத்தி கீறும், குவாட்சைற்றில் கீறாது. சலவைக்கல்லில் ஐதான அமிலத் துளி நுரைக்கும். டொலமைற் என்றால் பொடியாக்கி விட்டால்தான் ஒழுங்காக நுரைக்கும். நக்கிப் பார்க்க வேண்டாம், அப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

மன்னார்ப் பக்கத்து, மயோசீன் என்ற பழங்காலத்துச் சுண்ணக்கல்லும் கல்சைற்தானே, ஏன் அப்படி மினுங்குவதில்லை என்று மருமகன் கேட்டான். அது சூட்டிலும் அழுத்தத்திலும் வேகாத கல். வெந்தால்தான் மணிகள் புதிதாக வளர்ந்து, ஒன்றையொன்று முட்டி, ஒரே அளவில் நிற்கும்.

அவனுடைய துண்டில் கத்தி வழுக்கியது, அமிலம் சும்மா கிடந்தது. 10 மடங்கு வில்லையில் இரண்டு வகை மணிகள்: கண்ணாடி போல ஒழுங்கற்று உடைந்த குவாட்ஸ், தட்டையாய் மின்னும் இளஞ்சிவப்புப் பெல்ஸ்பார் என்ற கனிமம். கருங்கல்லுக்குள் நரம்பாக ஓடிய அப்ளைற். கொப்பியில் ‘சலவைக்கல்’ என்ற சொல்லை வெட்டினான். ‘சர்க்கரை’யை வெட்ட மட்டும் அவனுக்கு மனம் வரவில்லை. ரீச்சர் அப்படித்தான் எழுதித் தந்தாவாம்.