இடதுபக்கம் நினைப்பு, எதிரே வசனம்

பைபிளில் ரோமர் 12:2-இல் 'உங்கள் மனம் புதிதாகிறதினாலே மறுரூபமாகுங்கள்' என்று பவுல் எழுதியதை எத்தனையோ தடவை வாசித்திருந்தாலும், அந்த 'மறுரூபம்', அதாவது உருமாற்றம், என்ற சொல்லில் போன வாரம்தான் நின்றேன். மத்தேயு 17-இல் மலையின்மேல் இயேசு மறுரூபமானார் என்று வருகிறதே, கிரேக்க மூலத்தில் இரண்டு இடத்திலும் ஒரே வினைச்சொல்தான். அதுவும் ரோமரில் அது தொடர்ந்து நடந்துகொண்டே இருக்கிற மாற்றம்.

சரி, மனம் அப்படி நாளுக்கு நாள் புதிதாக, இப்படிச் செய்து பாருங்கள். காலையில் போனைத் தொடுமுன், மனதை அரிக்கிற ஒரு நினைப்பை நோட்டில் இடதுபக்கம் எழுதுங்கள், அப்புறம் அதற்குப் பதில் சொல்கிற ஒரு வசனத்தைத் தேடி எதிரே எழுதி, வாய்விட்டு மூன்று தடவை வாசியுங்கள். நேற்று நான் எழுதியது 'என்னை யாரும் மதிப்பதில்லை'. எதிரே ஏசாயா 43:4, 'நீ என் பார்வைக்கு அருமையானபடியினால் கனம்பெற்றாய்'. மதியம் அதே நினைப்பு திரும்ப வந்தபோது வசனமும் கூடவே வந்தது.