அலியா, மார்சியானோவா? காலம் கடந்த ஹெவிவெயிட் விவாதத்தை எப்படி நடத்துவது

வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப்பிரிவு) குத்துச்சண்டை வீரர்களை ஒப்பிட உட்காருவோர் பெரும்பாலும் ஆளுக்கொரு கேள்விக்கு விடை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே முதற்படியாக, கேள்வி எதுவென்று முடிவு செய்துகொள்ளுங்கள். இருவரும் நேரில் மோதினால் யார் வெல்வார் என்பது ஒன்று; தம் காலத்துப் போட்டியாளர்களைவிட யார் அதிக உயரத்தில் நின்றார் என்பது மற்றொன்று.

இரண்டாம் படி உடலளவு. 1950களின் சாம்பியன் ராக்கி மார்சியானோ சுமார் 84 கிலோ எடையில் பட்டம் வென்றவர். இன்று அந்த எடை, 90.7 கிலோவை உச்சவரம்பாகக் கொண்ட குரூசர்வெயிட் பிரிவில் அடங்கிவிடும். அண்மைக்கால ஹெவிவெயிட் சாம்பியன் டைசன் ஃபியூரியின் உயரமோ 206 சென்டிமீட்டர். ஆயினும் எடையை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்: 1919இல் ஜாக் டெம்ப்சி, தம்மைவிட 20 கிலோவுக்கு மேல் கனமான ஜெஸ் வில்லார்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை வீழ்த்தினார். (விழுந்தவர் எழும்வரை அருகிலேயே காத்து நின்று குத்த அன்றைய வழக்கம் இடங்கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.)

மூன்றாம் படியான விதிகளில்தான் நிதானமாக நிற்க வேண்டும். 1980களில் பட்டப் போட்டிகள் 15 ரவுண்டிலிருந்து 12ஆகக் குறைந்தன. 1952 செப்டம்பரில் பிலடெல்பியாவில் ஜெர்சி ஜோ வால்காட்டுடன் மோதிய மார்சியானோ, முதல் ரவுண்டிலேயே கீழே விழுந்து, 12 ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களின் புள்ளிகளிலும் பின்தங்கியிருந்தார். 13ஆம் ரவுண்டில் அவருடைய வலக்கை ஒரே குத்தில் வால்காட்டைச் சாய்த்தது. இன்றைய விதி அன்று இருந்திருந்தால் அந்த ரவுண்டே இல்லை. மார்சியானோவின் 49 போட்டி, 49 வெற்றி என்ற புகழ்பெற்ற கணக்கும் இல்லை. 1971இல் ஜோ ஃபிரேசியர் முகமது அலியை வீழ்த்திய இடக்கைக் குத்தும் 15ஆம் ரவுண்டில் விழுந்ததுதான்.

கடைசிப் படியாக, எதிராளிகளின் வயதைக் கேளுங்கள். 1951இல் மார்சியானோவிடம் தோற்றபோது முன்னாள் சாம்பியன் ஜோ லூயிஸுக்கு வயது 37; 1952இல் தோற்றபோது வால்காட்டுக்கு 38. இது மார்சியானோவின் குற்றமன்று, ஆனால் எண்ணிக்கையின் பளபளப்பைச் சற்றே குறைக்கிறது.

இப்படிப் பார்த்தால், இரண்டாம் கேள்விக்கு என் விடை, தொடர்ந்து 25 முறை பட்டத்தைக் காத்த லூயிஸ். முதல் கேள்விக்கு, 1967இல் பட்டம் பறிக்கப்படுவதற்கு முந்தைய அலி. அதுவும் 15 ரவுண்டு விதியில்.